முனவ்வறாவின் பதினொரு மறதிகள்

1

இந்தக் கதை ஒரு சுவரில் ஒட்டியிருந்தது. கல்முனையில் ஒரு தனியார் கிளினிக்கில், பேத்தியின் காய்ச்சலுக்கு நம்பர் எடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். எனக்கு முன்னால் முப்பத்தொரு பேர். மின்விசிறி இருந்தது, சுற்றவில்லை. சுவரில் ஒரு தாள்: ‘கவனக்குறைபாடு உள்ள பிள்ளைகளிடம் உடற்பருமன் கூடுதலாகக் காணப்படுகிறது. காரணங்கள் ஆராயப்பட்டு வருகின்றன. பிள்ளையைக் குறை சொல்லாதீர்கள்.’ அந்த மூன்றாவது வரியை எத்தனை தடவை வாசித்தேனோ, என் நம்பரைக் கூப்பிட்டது காதில் விழவில்லை. “கவனமில்லாட்டி ஏன் கிளினிக்குக்கு வாறீங்க?” என்று நம்பர்த் துண்டு கொடுக்கும் பிள்ளை ஏசினாள். அவளுடைய தலைக்கு மேல்தான் அந்தத் தாள் ஒட்டியிருந்தது.

1982ஆம் ஆண்டு நிந்தவூரில் ஒரு பிள்ளையைப் பற்றி இரண்டு முறைப்பாடுகள் இருந்தன. ஒன்று, ஓரிடத்தில் இருக்கமாட்டாள், எதையும் மறந்துவிடுவாள். மற்றது, உடம்பு பெருத்துக்கொண்டே போகிறது. இரண்டையும் ஊர் தனித்தனியாக வைத்து அலசியது. இரண்டும் ஒரே வாசலால் வந்தவையாக இருக்கலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. அப்போது எனக்கு ஒன்பது வயது என்பது ஒரு சாட்டு. அது ஏன் செல்லாது என்பதைத்தான் எழுத வேண்டும். ஆறு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். இது ஏழாவது.

2

முதல் தொடக்கம்: ‘முனவ்வறா ஒரு குண்டுப் பிள்ளை.’

(அடித்தாயிற்று. ஊர் அவளை அங்கிருந்துதான் தொடங்கியது. கதையும் அங்கேயே தொடங்கினால் நான் எதற்கு?)

இரண்டாம் தொடக்கம்: ‘கச்சான் காற்று வயல்வெளியைப் புரட்டி எடுத்துக்கொண்டிருந்த ஒரு நண்பகலில்...’

(இதையும் அடித்தேன். எங்கள் பக்கத்தில் யார் கதை எழுதினாலும் முதலில் வேலைக்குக் கூப்பிடுவது கச்சான் காற்றைத்தான். அதுவும் பாவம்.)

மூன்றாம் தொடக்கத்தை வைத்துக்கொள்வோம்.

அந்த வருடம் நோன்பு பிறப்பதற்கு முன்பே முனவ்வறா நான்கு சோடிச் செருப்பும் ஒரு தண்ணீர்ப் போத்தலும் தொலைத்திருந்தாள். ஒருநாள் உம்மா ஸாலிஹா அவளைப் பாண் வாங்கிவர அனுப்பினாள். பேக்கரி கூப்பிடு தூரத்தில். முனவ்வறா ஒன்றரை மணித்தியாலம் கழித்து வந்தாள். அக்கரைப்பற்று பஸ்ஸுக்குத் தெருவில் டயர் மாற்றியதை, எந்த ஆணியை முதலில் கழற்றினார்கள், கொண்டக்டர் யாரை ஏசினார் என்பதுவரை ஒன்றுவிடாமல் சொன்னாள். கையில் பாதிப் பாண் இருந்தது.

“மத்தப் பாதி எங்ககா?” என்றாள் உம்மா.

முனவ்வறா பாணைப் பார்த்தாள். அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. “தெரியா உம்மா. வாங்கக்குள்ள முழுசா இருந்திச்சி.”

அவள் பொய் சொல்லவில்லை. டயரைப் பார்த்துக்கொண்டிருந்தவை கண்கள். கை தன் பாட்டில் பிய்த்தது, வாய் தன் பாட்டில் மென்றது. வயிறு நிறைந்துவிட்டது என்ற செய்தி தலைக்குப் புறப்பட்டிருக்கும். ஆனால் அவளைப் போலவே அதுவும் வழியில் எங்கோ வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றுவிடும்.

3

வைத்தியங்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதலாம். சுருக்கிச் சொல்கிறேன்.

மறதிக்கு ஸாலிஹா கண்டுபிடித்த மருந்து பணிஸ், பேக்கரியில் சுடுகிற இனிப்பு பன். “ஒரு பக்கம் ஓதி முடிக்குமட்டும் எழும்பாம இரு மகள், உம்மா பணிஸ் தாறன்.” முனவ்வறா இருந்தாள். இரண்டு பக்கத்துக்கு இரண்டு பணிஸ். ஊர் மெச்சியது. ஆறு மாதத்தில் சட்டைகளின் தையலைப் பிரித்துவிட வேண்டியதாயிற்று.

உடம்புக்கு வாப்பா காலிதீன் கண்டுபிடித்த மருந்து வேலை. நெல்லுக் காயவிட்ட பாயில் கோழி வராமல் பார்க்கச் சொன்னார். முனவ்வறா கோழியைத்தான் பார்த்தாள். மிகவும் கவனமாகப் பார்த்தாள். அது எந்தக் காலால் கிளறுகிறது என்று பார்த்தாள். கோழி அரைப் பாய் நெல்லைத் தின்றுவிட்டுப் போனது. வாப்பா ஏசினார், அவள் அழுதாள், அழுகையை நிறுத்த உம்மா பணிஸ் கொடுத்தாள்.

ஆக, முதல் நோய்க்குக் கொடுத்த மருந்தால் இரண்டாவது வளர்ந்தது. இரண்டாவதற்குக் கொடுத்த மருந்தை முதலாவது கெடுத்தது. இதையெல்லாம் எழுதிக் காட்டினால் இன்று பட்டம் தருவார்களோ என்னவோ. அன்று எல்லோரும் சேர்ந்து கொடுத்தது ஒரே ஒரு பட்டம்: ‘தீனி’.*

* (இந்தப் பகுதியில் கதை வழிமாறிவிட்டது என்று ஒரு நண்பி எழுதிக் கொடுத்தாள். எழுதுகிறவர் வழிமாறினால் அதற்கு உத்தி என்று பெயர். முனவ்வறா வழிமாறினால் பிரம்பு.)

4

அந்த வருடம் பள்ளிவாசல் தலைவர் சீனிமுகம்மது ஹாஜியார், ஊரின் நெல் ஆலைக்காரர், ஓர் அறிவித்தல் விட்டார். பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் முப்பது நோன்பும் பிடிப்பவர்களின் பெயர் பெருநாள் காலையில் ஒலிபெருக்கியில் வாசிக்கப்படும். ஒவ்வொருவருக்கும் ஒரு குடை. குருவித்தலைப் பிடி வைத்த சின்னக் குடை. மாதிரிக்கு ஒன்றைப் பள்ளி விறாந்தையில் தொங்கவிட்டிருந்தார்கள்.

காலிதீனுக்கு மனம் குளிர்ந்தது. நோன்பு பிடித்தால் உடம்பு வற்றும், புத்தி ஒருநிலைப்படும். இரண்டு நோய்க்கும் ஒரே மருந்து. (இரண்டையும் ஒரே மூச்சில் சொன்ன ஒரே மனிதர் அவர்தான். ஆனால் தப்பாகச் சொன்னார்.) முதலாம் நோன்பன்று மகளைக் கூட்டிக்கொண்டுபோய் ஹாஜியாரின் ஆலையில் நெல்மூட்டைத் தராசில் ஏற்றினார். தொண்ணூற்றிரண்டு இறாத்தல், ஏறக்குறைய நாற்பத்திரண்டு கிலோ. தராசைச் சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். முனவ்வறா தராசின் முள் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருந்ததால் சிரிப்பைக் கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன்.

(‘என்று நினைக்கிறேன்’. இந்தக் கதையில் நம்பக்கூடாத இடங்களில் இது முதலாவது.)

மத்ரசாவில் ஓதிக்கொடுக்கும் மக்கீன் லெவ்வை நோன்பின் சட்டங்களைச் சொல்லிக்கொடுத்தார். என்னென்ன செய்தால் முறியும் என்று ஒரு நீளப் பட்டியல். முனவ்வறா கூரையில் குருவியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போது லெவ்வை சொன்னார்: “மறதியாத் திண்டா, குடிச்சா, நோன்பு முறியா. ஞாபகம் வந்த ஒடன நிப்பாட்டிரணும். மறதியாத் திண்டவனுக்கு அல்லாஹ்தான் தீத்தினான்.”

முனவ்வறா தலையைத் திருப்பினாள். வாழ்நாளில் முதல் தடவையாக ஒருவர், மறப்பது குற்றமில்லை என்று சொல்கிறார். அதுவும் லெவ்வை சொல்கிறார். செருப்பை மறந்தால் அடி, பாடத்தை மறந்தால் அடி, வீட்டுக்கு வர மறந்தால் அடி. இங்கே மட்டும் மறந்தால் அல்லாஹ்வே ஊட்டிவிடுகிறான்! அவளுக்கு அழுகை வந்தது. நோன்பு என்பது தனக்காகவே வைத்தது என்று அவளுக்குத் தோன்றியது. முப்பதும் பிடிப்பேன் என்று அப்போதே முடிவு செய்தாள்.

பிடித்தாள். மறந்தாள். நான்காம் நோன்பில், இடிக்க ஊறப்போட்ட அரிசியில் ஒரு பிடி, எறும்பு போகிற வழியைப் பார்த்துக்கொண்டு. ஞாபகம் வந்ததும் வாயிலிருந்ததைத் துப்பிவிட்டு, வெயிலில் வெறுங்காலோடு லெவ்வையிடம் ஓடினாள்.

“லெவ்வப்பா, திண்டுட்டன்.”

“மறந்தா?”

“ஓம்.”

“ஞாபகம் வந்த ஒடன துப்பினியா?”

“ஓம்.”

“முறியல்ல. போ.”

ஏழாம் நோன்பில் வாழைப்பழம். ஒன்பதில் தம்பிக்குக் கரைத்த மாவு. பன்னிரண்டில் ஒரே நாளில் இரண்டு தடவை. ஒவ்வொன்றுக்கும் ஓடிப்போய்ச் சொன்னாள். ஒருவரும் பார்க்காததையும் சொன்னாள். பதினொரு தடவை. கடைசியில் அவள் படலையைத் திறக்கும்போதே லெவ்வை உள்ளேயிருந்து “முறியல்ல, போ” என்று சத்தம் கொடுப்பார். தெருப் பிள்ளைகள் அதற்கு ‘மறதி நோன்பு’ என்று பெயர் வைத்தார்கள்.

நோன்பு திறந்த பிறகு யார் அளவு பார்ப்பது? பகல் முழுக்கக் காய்ந்த பிள்ளை என்று ஸாலிஹா கஞ்சியை இரண்டாம் தரம் ஊற்றினாள், மூன்றாம் தரமும் ஊற்றினாள். இருபதாம் நோன்பன்று காலிதீன் மறுபடி ஆலைக்குக் கூட்டிப்போனார். தொண்ணூற்றி நாலரை.

ஹாஜியார் முள்ளைக் குனிந்து பார்த்தார். “காலிதீன், ஒங்கட மகள் நோன்பு பிடிக்கிறாவா, நோன்பு அவவப் பிடிக்குதா?” என்றார். அவள் தெரிந்தே தின்கிறாள் என்று அன்றைக்கே ஊர் முடிவு செய்துவிட்டது.

5

இங்கே ஒரு பாத்திரத்தைப் பற்றி எனக்குச் சந்தேகம் இருக்கிறது.

அஸீஸா. முனவ்வறாவின் பெரியம்மா மகள்; அடுத்த வளவு; அதே வயது; ஒல்லி. ஆறு பிரதியிலும் அவளை எடுத்துவிடப் பார்த்தேன். அவளுக்குக் கதையில் வேலையில்லை. நல்ல பிள்ளை, செருப்புத் தொலைக்காதவள், சட்டை எப்போதும் அளவாக இருப்பவள். அப்படிப்பட்டவர்களை வைத்து என்ன எழுதுவது? ஆனாலும் பதின்மூன்றாம் நோன்பன்று கிணற்றடியில் அவள் நிற்கிறாள். வாழைமரத்துக்குப் பின்னால், ஒரு துண்டுப் பனங்கட்டியும் இரண்டு கை தண்ணீரும். மறதியால் அல்ல. நன்றாகத் தெரிந்து, அக்கம்பக்கம் பார்த்து.

முனவ்வறா அந்தப் பக்கம் வந்தாள். அஸீஸாவின் வாயோரத்தில் பனங்கட்டியைக் கண்டாள். அவளுடைய முகம் மலர்ந்தது.

“நீயும் மறந்திட்டியா?” என்றாள். “பயப்புடாதகா. ஓடிப்போய்ச் சொல்லு, முறியாது.”

தன்னைப் போல இன்னொருத்தி இருக்கிறாள் என்ற சந்தோசம் அது. அஸீஸா தலையாட்டினாள். லெவ்வையிடம் போகவில்லை. ஒருவரும் அவளிடம் கேட்கவுமில்லை. ஒல்லியான பிள்ளையிடம் யார் கேட்பார்கள்? எலும்பு தெரிகிறதே, அதுவே சாட்சி.

6

இருபத்தெட்டாம் நோன்பு, அஸர் தொழுகைக்குப் பிறகு, பள்ளி விறாந்தையில் மரைக்காயர்மார் கூடினார்கள். குடிக்கு ஒரு மரைக்காயர் என்ற கணக்கில் ஏழு பெரிய மனிதர்கள். காணித் தகராறும் கலியாணத் தகராறும் தீர்க்கிற அதே பாயில் அமர்ந்து, ஒன்பது வயதுப் பிள்ளை பதினொரு தடவை உண்மையாகவே மறந்தாளா என்று விசாரித்தார்கள். காலிதீன் தூணோடு நின்றார். முனவ்வறா நடுவில். அவளுக்கு மேலே குடை தொங்கியது.

“சட்டம் என்ன லெவ்வை?” என்றார் ஹாஜியார்.

“மறதிக்கு முறியா ஹாஜியார்.”

“எத்தின தரத்துக்கு?”

“எண்ணிக்கை சொல்லல்ல.”

“ஒருக்கா மறக்கலாம். ரெண்டுதரம் மறக்கலாம். பதினொருதரம்? சட்டத்துக்குக் கண் இல்லியா லெவ்வை? புள்ளட உடம்பக் கொஞ்சம் பாருங்க.”

எல்லோரும் பார்த்தார்கள். லெவ்வையும் பார்த்தார். அவரை வேலையில் வைப்பதும் விலக்குவதும் அந்த ஏழு பேர். அதற்குப் பிறகு அவர் வாய் திறக்கவில்லை.

“முனவ்வறா, நீ சொல்லு. தெரிஞ்சிதானே திண்டாய்?”

மணிக்கூட்டுக்குப் பின்னால் ஒரு பல்லி, வாலை மட்டும் வெளியே விட்டுக்கொண்டிருந்தது. முனவ்வறா அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பாத்தீங்களா, முகத்தத் திருப்புறா. குத்தமுள்ள நெஞ்சு.”

காலிதீன் தோளைத் தட்டியபோதுதான் அவள் திரும்பினாள். கேள்வியை மறுபடி சொன்னார்கள். முனவ்வறா எல்லோரையும் ஒருமுறை பார்த்தாள். பிறகு சொன்னாள்: “தெரிஞ்சி திண்டா நான் ஏன் ஓடிவந்து சொல்ற? நான் சொல்லாட்டி ஒங்களுக்குத் தெரியவே தெரியாதே.”

அந்த இடத்தில் கதையை நிறுத்திவிடலாம் என்று ஒவ்வொரு பிரதியிலும் ஆசைப்பட்டேன். அவள் வென்றிருந்தாள்.

“அதுதான் சாமர்த்தியம்,” என்றார் ஹாஜியார். “ஆரு இவவோட எந்நேரமும் இரிக்கிற? அந்த ஒல்லிப் புள்ளயக் கூப்பிடுங்க.”

அஸீஸா வந்தாள். அவளுடைய பெயர் ஏற்கெனவே பட்டியலில் இருந்தது.

“மகள், நீ நல்ல புள்ள. பள்ளியில நிண்டு பொய் சொல்லக்கூடா. இவ மறந்தா திண்ட, தெரிஞ்சா திண்ட?”

முனவ்வறா அவளைப் பார்த்துச் சிரித்தாள். கிணற்றடிச் சிரிப்பு. ‘நீயும் மறக்கிறவள்தானே, உனக்குத் தெரியுமே’ என்பதுபோல. அஸீஸா கணக்குப் போட்டாள்: இவள் இப்போது வாய் திறந்து பனங்கட்டியைச் சொல்லிவிட்டால்?

அஸீஸா சொன்னாள்:

(முதல் பிரதியில் இந்த இடத்தில் பேனையில் மை தீர்ந்தது.)

அஸீஸா சொன்னாள்:

(மூன்றாம் பிரதியில் அவளை மயங்கி விழவைத்தேன்.)

அஸீஸா

(ஐந்தாம் பிரதியில் மழை. ஜூலை மாதத்தில், நிந்தவூரில், மழை!)

நான் சொன்னேன்: “தெரிஞ்சிதான்.”

7

அஸீஸா நான்தான். நீங்கள் முன்பே கண்டுபிடித்திருப்பீர்கள். நான் சொல்வதற்குத்தான் நாற்பது வருடம் ஆயிற்று. வெட்கமாக இருக்கிறது. ஆகவே, முடிவை மாற்றிப் பார்க்கிறேன்.

முடிவு அ: மக்கீன் லெவ்வை எழும்புகிறார். “சட்டம் தராசில் நிறுப்பதில்லை” என்று முழங்குகிறார். மரைக்காயர்மார் தலை குனிகிறார்கள். (லெவ்வைக்கும் நான்கு பிள்ளைகள். விட்டுவிடுங்கள்.)

முடிவு ஆ: கிளினிக் சுவரிலிருந்த தாளைப் பிய்த்து, நாற்பது வருடம் பின்னால் ஓடி, பள்ளிச் சுவரில் ஒட்டுகிறேன். ஹாஜியார் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மூன்று வரியையும் நிதானமாக வாசிக்கிறார். மறதியும் உடம்பும் ஒன்றோடொன்று சேர்ந்து வருவது, பிள்ளையில் குற்றமில்லை. அவருக்கு முழுதாக விளங்குகிறது. “அப்ப இது நோய்,” என்கிறார். “நோயாளிக்கு நோன்பு கடமையில்ல. பேர வெட்டுங்க.”

(எழுதி முடித்துவிட்டுச் சிரித்தேன். பிறகு சிரிக்க முடியவில்லை. கிளினிக்குக்கு வருகிற தாய்மார் அந்தத் தாளை வாசித்துவிட்டுத் தங்கள் பிள்ளைகளை எப்படிப் பார்க்கிறார்கள் என்று நான் கண்டிருக்கிறேன்.)

முடிவு இ: நடந்தது. பெருநாள் காலையில் ஒலிபெருக்கி பத்தொன்பது பெயர்களை வாசித்தது. என் பெயர் இருந்தது, அவளுடைய பெயர் இல்லை. கடைசி இரண்டு நோன்பையும் அவள் பிடித்தாள். பெயர் வெட்டிய பிறகும் பிடித்தாள் என்பதை இங்கே பதிந்து வைக்கிறேன், ஏனென்றால் வேறெங்கும் அது பதியப்படவில்லை.

பின்னேரம் முனவ்வறா எங்கள் வீட்டுக்கு வந்தாள். கையில் ஸாலிஹா சாச்சி அனுப்பிய வட்டிலப்பத் தட்டு. பாதியைக் காணவில்லை.

“குடையக் காட்டுகா,” என்றாள்.

கொடுத்தேன். விரித்தாள். குருவித்தலையைத் தடவிப் பார்த்தாள். “வா, நீயும் வா,” என்று என்னையும் அதற்குள் இழுத்துக்கொண்டாள். குடை சின்னது; அவளுடைய ஒரு தோள் வெயிலில் நின்றது. விறாந்தையைப் பற்றி ஒரு சொல் இல்லை. கிணற்றடியைப் பற்றி, பனங்கட்டியைப் பற்றி, அன்றைக்கும் இல்லை, அதற்குப் பிறகு ஒருநாளும் இல்லை. சொல்லியிருந்தால் குடை என் கையில் இருந்திருக்காது.

முனவ்வறா இப்போது எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருக்கிறாள். பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். இன்னும் செருப்புத் தொலைக்கிறாள், இன்னும் தெருவில் யாரைக் கண்டாலும் உள்ளே இழுத்துச் சோறு போடுகிறாள். உடம்பைப் பற்றி ஊர் இன்னும் கதைக்கிறது. இந்தக் கதையின் ஆறு பிரதிகளையும் கிழிப்பதற்கு முன் அவளிடம் கொண்டுபோனேன். ஆறு தடவையும் சாப்பிட்டுவிட்டுத் தாளோடு திரும்பி வந்தேன். கடைசித் தடவை படலைவரை வந்தவள் கேட்டாள்:

“என்னமோ சொல்ல வந்த மாதிரி இருந்திச்சே. மறந்திட்டியா?”

“ஓம்,” என்றேன். “மறந்திட்டன்.”

முனவ்வறா சிரித்தாள். அந்தப் பழைய சிரிப்பு.

“பயப்புடாதகா,” என்றாள். “முறியாது.”

அதைச் சொல்லிவிட்டு வேலியில் ஓடிய ஓணானைப் பார்க்கத் தொடங்கிவிட்டாள். அந்த ஏழு பேருக்குப் பிறகு எட்டாம் ஆளாக நான் அங்கேயே நின்று கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. அவளைப் பற்றி ஒருமுறை சாட்சி சொன்ன எனக்கு இன்னொரு முறை சொல்ல வாயில்லை. அதனால் உங்களைக் கூப்பிடுகிறேன். பாயில் ஏழு பேர் இருக்கிறார்கள், மேலே குடை தொங்குகிறது, விறாந்தையில் நடுவே நிற்பது நீங்கள். அந்த ‘முறியாது’வை அவள் மறந்தா சொன்னாள், தெரிந்தா சொன்னாள்?

அவளுடைய உடம்பைப் பார்க்காமல் சொல்லுங்கள்.